பெண்ணையாறு போய்ச் சேருமிடம்

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திசை என்றால் மலைதான். யாராவது வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்றெல்லாம் சொல்ல மாட்டோம். மலையைப் பார்த்தபடி போங்க, மலை வலக்கைப் பக்கம் வந்ததும் திரும்புங்க என்போம். ஊரை விட்டு எங்கே போனாலும், திரும்பும்போது பஸ் ஜன்னலில் மலை தெரிந்துவிட்டால் வீடு வந்த மாதிரி. அப்படிப்பட்டவன் போன மாசியில், மகத்துக்கு ஒரு வாரம் முன்னால், தாழங்குடா கடற்கரையில் போய் நின்றேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை இல்லை. கொஞ்ச நேரத்துக்குக் கையில் பிடித்திருந்த எதையோ தொலைத்தது போலத்தான் இருந்தது.

தாழங்குடா சுற்றுலாப் பட்டியல்களில் வரும் ஊர் இல்லை. கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணையாறு கடலில் விழும் இடத்தை ஒட்டிய மீனவர் ஊர். பெயரிலேயே தாழையும் இருக்கிறது, குடாவும் இருக்கிறது. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கமும் ஒரு தாழங்குடா உண்டு. ஒரே கடலின் இரண்டு கரைகளில் ஒரே பெயர். கடலூர் போகிறவர்கள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சோடு திரும்பிவிடுவார்கள். நான் அதைத் தாண்டிப் போனதற்குக் காரணம் அந்த ஆறுதான்.

பெண்ணையாறு எங்கள் ஊருக்குள் ஓடுகிற ஆறு இல்லை. ஆனால் எங்கள் மாவட்டத்து ஆறு. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வந்து சாத்தனூரில் நிற்கிறது. அந்த அணையைக் கட்டி முடித்த வருஷம் 1958. உயரம் 119 அடி, கொள்ளளவு ஏழு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடச் சுற்றுலா அங்கேதான். முதலைப் பண்ணையைப் பார்த்துவிட்டு, வாசலில் பொரித்துப் போடுகிற மீனை வாழை இலையில் வாங்கித் தின்றுவிட்டு வருவோம். டேம் மீன் என்போம். கடல் மீன் எங்களுக்கு ஐஸ் பெட்டியில் வருவது. அது எந்தக் கரையிலிருந்து வருகிறது, யார் பிடித்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் சாமிக்கும் அந்த ஆற்றோடு உறவு உண்டு. தை மாதம் 5ஆம் தேதி அண்ணாமலையார் மணலூர்ப்பேட்டைக்குப் போய்ப் பெண்ணையாற்றில் தீர்த்தவாரி கொள்வார். அங்கே இருக்கும்போதுதான் வல்லாள மகாராசன் செத்துப்போன சேதி வந்ததாம். பிள்ளையில்லாத அந்த ராசாவுக்குச் சாமியே பிள்ளையாக வந்தார் என்பது எங்கள் ஊர்க் கதை. அதனால் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்குப் போய், அந்த ராசாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வருவார். அதே மாசி மகத்தில் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்குப் புறப்பட்டுவிடும். எங்கள் சாமி மட்டும் ஆற்றோடு நின்றுவிடுவார். சின்ன வயதில் பாட்டியிடம் ஏன் என்று கேட்டிருக்கிறேன். "ஆறு போவுதில்ல கடலுக்கு, அது போதும்" என்றாள்.

அந்த ஆறு போய்ச் சேரும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1ஆம் தேதி மாலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீடு புதைந்தது. உள்ளே ஏழு பேர். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். மலை எங்களைக் காக்கும் என்று சொல்லி வளர்ந்த ஊர் அது. அந்த இரவிலும் அடுத்த நாளும் யாருக்கும் வேறு நினைப்பு ஓடவில்லை. அதே இரவில்தான் சாத்தனூர் அணை நிரம்பி, விடிவதற்குள் நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. செய்தியில் அந்த எண்ணை வாசித்தார்கள். நான் கேட்டேன். கேட்டுவிட்டு மண்சரிவுச் செய்திக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு கன அடி என்றால் 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பின்னொரு நாள் கடையில் ஆள் வராத மத்தியானத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட 475. ஒவ்வொரு நொடியும். அவ்வளவும் மணலூர்ப்பேட்டை, திருக்கோவிலூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களையெல்லாம் புரட்டிக்கொண்டு போய்க் கடைசியில் கடலூரை ஒட்டிய ஊர்களில் ஏறியது. குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா. செய்தியில் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னார்கள். என் மாவட்டத்து அணையிலிருந்து போன தண்ணீர் நிற்கும் ஊர்களில் ஒன்றுகூட எனக்குப் பழக்கமில்லை. அது என்னமோ மனசில் தங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

திருக்கோவிலூர், மடப்பட்டு, பண்ருட்டி வழியாகப் போகிற பஸ். மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. திருக்கோவிலூர்ப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. கீழே ஆறு, மணல் திட்டுகளுக்கு நடுவே மெலிந்த வாய்க்காலாக. கரையை ஒட்டிய பாறையில் கபிலர் குன்று. பாரி மகளிரை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர் துறந்த இடம் என்று சொல்கிற பாறை. டிசம்பரில் வந்த தண்ணீர் அதன் மேல் எதுவரை ஏறியிருக்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பாலத்தைத் தாண்டினால் பஸ் ஆற்றை விட்டு விலகிவிடும். பண்ருட்டியில் சாலையோரம் முந்திரிக் கடைகள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது. பிறகு நட்டவை இன்று காய்த்துக்கொண்டிருக்கின்றன.

கடலூரில் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அறை எடுத்தேன். தாழங்குடாவில் தங்க விடுதி கிடையாது. அன்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் போனேன். அங்கே செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் ஆங்கிலேயர் அந்த இடத்தை செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லை வரைக்கும் இருந்தவை குண்டு கிராமங்கள் ஆயின. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். 1756இல் கிளைவ் இங்கே கவர்னர். 1758இல் லாலி வந்து பிடித்துக் கோட்டையை இடித்துப் போட்டான். இன்று பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் குண்டு உப்பலவாடி என்ற பெயர் இருக்கிறது. யாரோ விலை பேச, யாரோ சுட, அங்கே உழுதுகொண்டிருந்தவனுக்கு அன்று சாயங்காலம்தான் தான் வேறு ஒருவர் குடி ஆகிவிட்டது தெரிந்திருக்கும். டிசம்பரில் தண்ணீர் ஏறிய ஊர்ப் பெயர்களில் முதலில் சொன்னதும் அதே ஊரைத்தான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஷேர் ஆட்டோ பிடித்துத் தாழங்குடா. கூட வந்தவர்கள் நான்கு பெண்கள், நான்கு பேரிடமும் அலுமினிய அன்னக்கூடை. அவர்கள் பேச்சு முழுக்க முந்தின நாள் விலை. நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டார்கள். ஊர் பார்க்க என்றேன். "இங்க என்னப்பா இருக்குது பாக்க? கடலுதான் இருக்குது" என்றார் ஒருவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துவிட்டுச் சொன்னார்.

இருட்டு விலகும்போது ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக அலை ஏறி வந்தன. இன்ஜினை நிறுத்தி, அதன் வாலைத் தூக்கி, அலை தள்ளுகிற வேகத்திலேயே மணலில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஒரு நொடியைத் தவறவிட்டால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். பிறகு டிராக்டர் வந்து மேலே இழுக்கிறது. வலையை அப்படியே குவியலாக இறக்கி, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து கண்ணி கண்ணியாக மீனைக் கழற்றுகிறார்கள். அன்று கவலை மீன் நிறைய. உள்ளங்கை நீளம், வெள்ளிக் காசு நிறம். செவுள் கண்ணியில் மாட்டியிருக்கும். வாலைப் பிடித்து இழுத்தால் தலை பிய்ந்துவிடும், விலை போகாது. கட்டைவிரலால் கண்ணியைத் தலைக்கு முன்னால் தள்ளி, மீனை முன்பக்கமாகவே எடுக்க வேண்டும். ஒரு பையன், பதினேழு பதினெட்டு வயது இருக்கும், பேசிக்கொண்டே நிமிஷத்துக்கு முப்பது எடுத்தான். என்னை முயற்சி செய்யச் சொன்னான். நான் எடுத்த மூன்றில் இரண்டுக்குத் தலை இல்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் அந்த இரண்டையும் காக்கை பக்கம் வீசிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தான்.

ஏலம் மணலிலேயே நடக்கிறது. மீனைக் கூறு கட்டி வைக்கிறார்கள். ஏலம் விடுகிறவர் ஒரு தொகையில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போகிறார். பெண்கள் வாயைத் திறப்பதில்லை. புருவம், தலையசைப்பு, அன்னக்கூடையைக் காலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். என்னோடு ஆட்டோவில் வந்த அக்கா மூன்று கூறு எடுத்தார். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாவிடம் பணம் குறைவு போல. இந்த அக்கா தான் எடுத்ததில் ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "சாயங்காலம் குடு" என்றார். பேசி முடிக்க மூன்று விநாடி ஆகியிருக்குமா? அந்த அம்மா பெரிய நன்றியெல்லாம் சொல்லவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னார், ஏற்றிவிட்டார்கள், போய்விட்டார். எட்டு மணிக்கெல்லாம் கரை காலி. நாயும் காக்கையும் மட்டும்.

அதற்குப் பிறகுதான் ஊரின் அமைதி தொடங்குகிறது. ஆண்கள் தூங்கப் போய்விடுகிறார்கள். வலை பின்னுகிறவர்கள் மட்டும் ஓலைக் கொட்டகை நிழலில். நானும் அங்கே போய் உட்கார்ந்தேன்.

எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். வலது கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, வலை ஊசியால் கிழிசலை அடைத்துக்கொண்டிருந்தார். ஊசி என்றால் நம் தையல் ஊசி இல்லை. ஒரு சாண் நீளம், நடுவில் நூல் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை. கிழிந்த ஓரத்தைப் பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, ஒரு கண்ணியிலிருந்து ஆரம்பித்து, விரலையே அளவாக வைத்து அடுத்த கண்ணி. முடிச்சு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கிறார். அவர் அப்பா காலத்தில் பருத்தி நூல் வலையாம். மரப்பட்டை காய்ச்சிய சாயத்தில் தோய்த்துக் காயவைப்பார்களாம், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

"எந்த ஊரு தம்பி?"

"திருவண்ணாமலைங்க ஐயா."

"திருணாமலையா?" என்று கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு வலையைத் தூக்கிக் காட்டினார். "இது உங்க ஊரு பக்கத்து மரம் கிழிச்சது."

டிசம்பர் வெள்ளத்தில் ஆறு கொண்டுவந்து கடலில் தள்ளியவை பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் வாயடைத்துப் போனேன். வேலிக்காத்தான் மரங்கள் வேரோடு. வாழை, தென்னை, ஆகாயத் தாமரை மெத்தை மெத்தையாக. செத்த மாடுகள், கன்றுகள். மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்று. கடல் பல நாள் செம்மண் நிறத்திலேயே இருந்ததாம். தண்ணீர் வடிந்து தொழிலுக்குப் போனபோது, கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்த முள் மரங்களில் வலை மாட்டிக் கிழிந்தது. ஒரு வலையை விட்டுவிட்டே வந்திருக்கிறார்கள். இது மூன்றாவது வலை, இன்னும் அடைத்து முடியவில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பற்றி ஒரே வரிதான் சொன்னார். மரங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

"அணை தொறந்ததைச் சொன்னாங்களா ஐயா?"

"சொன்னாங்க. எச்சரிக்கை குடுத்தாங்க. எத்தனை கன அடின்னும் சொன்னாங்க. அந்தக் கன அடி எங்க வாசல்ல எத்தனை அடின்னு யாருக்குத் தெரியும்?"

இந்தக் கரை 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த கரை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்களைச் சுனாமி கொண்டுபோனது. அன்று கிழக்கேயிருந்து வந்தது. இருபது வருஷம் கழித்து அதே டிசம்பரில் மேற்கேயிருந்து. அதையும் அவர்தான் சொன்னார், கையை முதலில் கடல் பக்கமும் பிறகு ஆற்றுப் பக்கமும் நீட்டி.

அவர் ஆற்றைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நேர்மாறாக, ஆறு வராத வருஷங்களைப் பற்றித்தான் அவருக்கு வருத்தம். ஆற்றுத் தண்ணீர் கடலில் கலந்தால்தான் இறால் வரும் என்றார். அது வெறும் நம்பிக்கை இல்லை. இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் முகத்துவாரத்தின் உப்பும் இனிப்பும் கலந்த தண்ணீருக்கு வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா எல்லாம் அந்தக் கலங்கல் தண்ணீரை நம்பி வாழ்பவை. ஆறு கொண்டுவரும் வண்டலில்தான் கடலின் கரையோர உயிர்களுக்குத் தீனி. மணலும் அப்படித்தான். ஆறு மணல் கொண்டுவந்து போடுகிற வரைக்கும்தான் கரை கரையாக இருக்கும். மேலே அணை, அதற்குக் கீழே திருக்கோவிலூரிலும் எல்லீஸ் சத்திரத்திலும் தடுப்பணைகள், நடுவில் மணல் அள்ளுகிறவர்கள். எல்லாம் போக மிச்சம் வந்தால் உண்டு. "அளவா வந்தா அது எங்களுக்குச் சோறு தம்பி. அடைச்சு வெச்சு ஒரே ராத்திரியில தள்ளினா என்ன பண்றது?"

அணை பாதுகாப்பு, மழையின் அளவு, அன்று அதிகாரிகளுக்கு வேறு வழி இருந்ததா என்பதெல்லாம் பெரிய விவாதம். நான் அதற்குள் போகவில்லை. எனக்கு அந்த நேரத்தில் சொல்லத் தோன்றிய ஒரே பதில், எங்கள் ஊரில் அன்று இரவு நடந்தது. மண்சரிவைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "டிவியில பாத்தோம். கொழந்தைங்க" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அவர் ஊசியில் நூல் தீர்ந்து, புதிதாகச் சுற்ற ஆரம்பித்தார்.

பேச்சு தீபத்துக்கு வந்தது. 2,668 அடி உயர மலை உச்சிக்குக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போவதையும், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யையும், பதினோரு நாள் எரிவதையும் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தத் தீபத்தை ஏற்றும் உரிமை மீன் பிடிக்கும் குலத்துக்கு உரியது என்பதை அவருக்குப் புதிதாகச் சொல்லப்போகிறேன் என்று நினைப்பு எனக்கு.

"தெரியும். பருவதராஜகுலம்" என்றார். "மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் பூசை பண்றவங்களும் அவங்கதான். அவங்க ஏரி, கொளம், ஆறு. நாங்க கடலு. வேற வேற. ஆனா வலை ஒண்ணுதான்."

பார்வதியின் தகப்பன் பர்வதராசன் வழி வந்தவர்கள் தாங்கள் என்று எங்கள் ஊரில் அவர்கள் சொல்வார்கள். அதனால்தான் பெண் வீட்டாருக்கு அந்த உரிமை. 2024 கார்த்திகையில், மண் இளகிக் கிடந்த மலையில் பக்தர்கள் யாரும் ஏறக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். கொப்பரையோடும் நெய்யோடும் ஏற வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். டிசம்பர் 13 மாலை ஆறு மணிக்குக் கீழே நாங்களெல்லாம் கைகூப்பி நின்றபோது, அந்தச் சேற்றில் வழுக்கி வழுக்கி மேலே போய் நெருப்பு வைத்தவர்கள் வலைக்காரர்கள். அதே நாட்களில் ஆற்றின் கடைசியில் இந்த வலைக்காரர் கிழிந்த வலையை மணலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

கடலில் வழி எப்படித் தெரியும் என்று கேட்டேன். மலை இல்லாத ஊரில் எனக்கு அதுதான் பெரிய கேள்வி. இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது என்றார். முன்பு, கரையில் ஒரு தென்னந்தோப்பு, ஒரு கோபுரம் என்று இரண்டு அடையாளத்தை நேர்கோட்டில் வைத்துக்கொள்வார்கள். எந்த இரண்டு சேர்ந்தால் எந்த இடத்தில் என்ன மீன் என்று மனப்பாடம். கரை மறைந்துவிட்டால் காற்றும் நீரோட்டமும். வடக்கேயிருந்து தெற்கே ஓடினால் வன்னி, தெற்கேயிருந்து வடக்கே என்றால் தெண்டி. வலையைத் தண்ணீரில் விட்டதும் அது சாய்கிற சாய்ப்பிலேயே கைக்குத் தெரிந்துவிடும் என்றார். நாங்கள் மலையைப் பார்த்து வழி சொல்வது போலத்தான் இதுவும். அவர்களுடைய அடையாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. அவருடைய மனைவி கவலை மீனில் குழம்பு வைத்திருந்தார். புளி தூக்கல், மாங்காய்த் துண்டு இரண்டு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் அண்டா ஒன்று கண்ணில் பட்டது. பக்கம் நசுங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, அந்த அம்மா அதைத் திருப்பிக் காட்டினார். கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. பெயர் இருந்த இடத்தில் கல்லில் உரசித் தேய்ந்துபோய் இனிஷியல் மட்டும் மிச்சம். ஊர்ப் பெயரில் கடைசிப் பாதி படிக்க முடிந்தது. "லூர்ப்பேட்டை."

"வெள்ளம் வடிஞ்ச மறுநா முகத்துவாரத்துல கெடந்துச்சு. கல்யாணச் சீரா இருக்கும். புழங்க மனசு வரல. கேட்டு வந்தா குடுத்துடலாம்னு வெச்சிருக்குறேன்."

இவ்வளவு தூரம் யார் கேட்டு வருவார்கள்? மணலூர்ப்பேட்டையாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிற ஊர் என்றேன். அந்த எழுத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அண்டாவையே எடுத்துப் போகட்டுமா என்றதற்கு அந்த அம்மா சம்மதிக்கவில்லை. ஆள் தெரியட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்றார். சரிதான் என்று பட்டது. மூன்று மாதமாக அதைத் தொடாமல் காத்தவர் அவர்.

வெயில் தாழ்ந்ததும் முகத்துவாரத்துக்கு நடந்தேன். மாசியில் ஆறு கடலை எட்டுவதே பெரும்பாடு. நடுவில் மணல் மேடிட்டு, ஒரு ஓரமாக மட்டும் மெல்லிய வழி. பச்சை நிறத்தில் தண்ணீர், முழங்கால் ஆழம். நாலைந்து பையன்கள் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தோளில் பாதி, பல்லில் ஒரு ஓரம், மீதி கையில். ஒரு சுழற்றல். வலை வட்டமாக விரிந்து விழுகிற சத்தம், சோற்றுப் பானையில் அரிசியைக் கொட்டுவது போல. இரண்டு மடவை கிடைத்தது.

தண்ணீரில் இறங்கி நின்று, குனிந்து கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இலேசான உப்பு. இருபதடி மேற்கே நடந்து மறுபடி. உப்பு குறைந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம். அங்கே ஏரித் தண்ணீர் வாசனை, டேம் வாசனை. சின்ன வயதில் சாத்தனூரில் படிக்கட்டில் உட்கார்ந்து காலை நனைத்தபோது வந்த அதே பாசி வாசனை. திரும்பி வந்து மறுபடி உப்பு. எந்த அடியில் ஆறு முடிகிறது என்று கண்டுபிடிக்க இப்படி நாலைந்து முறை நடந்திருப்பேன். பையன்கள் வலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பொருட்டாகப் படவில்லை. பாட்டி சொன்ன கடல் இதுதான்.

மறுநாள் காலை தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மடவையும் கவலையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்றரை மணி நேரமும் பெட்டி மடியில்தான். திருக்கோவிலூர்ப் பாலத்தில் இந்த முறை வலப்பக்கம் பார்த்தேன். ஆறு போகும் பக்கம். அன்று பௌர்ணமி இல்லை, திங்கட்கிழமையும் இல்லை என்பதால் வீட்டில் குழம்பு வைக்கத் தடையில்லை. ஒவ்வொரு மீனும் யார் படகில் வந்தது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

மணலூர்ப்பேட்டைக்கு இரண்டு முறை போய்விட்டேன். பாத்திரக் கடைகளில் படத்தைக் காட்டினேன். புள்ளி வெட்டுகிற ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, எழுத்தின் சுழி தன் அப்பாவின் கை மாதிரி இருக்கிறது, அப்படியானால் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சீர் என்றார். அந்த இனிஷியலில் யார் என்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் தகவல் இல்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதிலிருந்து காலையில் எழுந்ததும் முதலில் சாத்தனூர் நீர்மட்டத்தைத்தான் பார்க்கிறேன். போன வாரம் தண்ணீர் திறப்பைக் கூட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தாழங்குடாவுக்குப் போன் போட்டேன். பெரியவர்தான் எடுத்தார். அங்கேயும் எச்சரிக்கை வந்துவிட்டது என்றார். இருந்தாலும் எண்ணைக் கேட்டுக்கொண்டார்.

"அங்க மலையில மழை பேயுதா?"

"விடாமப் பெய்யுதுங்க ஐயா."

"மண்ணு கிண்ணு சரியுதா? மலையடியில இருக்குறவங்களை எடுத்துட்டாங்களா?"

எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். தண்ணீர் வந்து சேர ஒரு நாளாகும் இல்லையா என்று கேட்டேன். அதற்குள் படகையெல்லாம் மேலே ஏற்றிவிடுவோம் என்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே யாரையோ கூப்பிட்டு டிராக்டரைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது. இங்கே எங்கள் வீட்டு ஓட்டின் மேல் மழை.